பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து

இல்லை, வாய் தவறிச் சொல்லவில்லை. உன் மாமனாராக வரப்போகிறவர் கேட்டார், சொன்னேன். நேற்று இரவு டெலிபோனில் நீ திரும்பத் திரும்பக் கேட்டதற்கு இதைவிட நீளமான பதில் அப்போது என்னிடம் இருக்கவில்லை. நீ கத்திக்கொண்டிருந்தாய். கத்துகிற ஆளுக்கு நான் பதில் சொல்வதில்லை என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இன்று அச்சகத்தில் மின்சாரம் இல்லை. மெஷின் நிற்கிறது. யன்னலோரம் வெளிச்சம் இருக்கிறது. ஆகவே அம்மா எழுதுகிறேன், தம்பி.

முதலில் நடந்ததை ஒழுங்காக வைக்கிறேன். நீ கொழும்பில் இருந்துகொண்டு அரைவாசியைத்தான் கேட்டிருக்கிறாய். உன் கலியாண அழைப்பிதழ்க் காட்டின் புரூஃப் நேற்றுக் காலை பிழை பார்க்க என் மேசைக்கு வந்தது. கொம்பியூட்டரில் எழுத்துக் கோர்க்கிற தர்சினி சிரித்துக்கொண்டே கொண்டுவந்து வைத்தாள். "அக்கா, இண்டைக்கு உங்கடை வீட்டுக் காட். பிழை விட்டால் நீங்களே உங்களை ஏசவேணும்." பார்த்தேன். இடது பக்கம் நாங்கள், வலது பக்கம் கரவெட்டி, பெண் வீட்டார். ஆரணியின் அப்பாவின் பெயருக்குப் பின்னால் பி.ஏ., அதற்குப் பின்னால் டிப்ளோமா, அதற்குப் பின்னால் இளைப்பாறிய அதிபர். அவளுடைய அம்மாவுக்குப் பின்னால் பி.எஸ்சி. நடுவில் நீயும் ஆரணியும், ஆளுக்கொரு வால் எழுத்துகளோடு. இடது பக்கத்தில் உன் அப்பாவின் பெயர், பின்னால் ஒன்றுமில்லாமல். அதற்குக் கீழே என் பெயர். ஒரு காற்புள்ளி. பிறகு பி.ஏ.

"ஆர் பிள்ளை இதைப் போடச் சொன்னது?"

"உங்கடை மகன்தான் வட்ஸ்அப்பிலை அனுப்பினவர். ஏனக்கா, புள்ளி பிழையோ?"

நான் சிவப்புப் பேனையைத் திறந்தேன். வெட்டுவதற்கு முன்னால் வாசலில் குடை மடக்கும் சத்தம். ஆரணியின் அப்பா. பென்ஷன் அலுவலாக யாழ்ப்பாணம் வந்தவர், காட்டையும் ஒருக்கால் பார்த்துவிட்டுப் போவோம் என்று ஏறியிருக்கிறார். "சம்மந்தியம்மா, உங்களைக் கரைச்சல்படுத்த வரேல்லை. அதிபராய் இருந்தவனுக்குக் கை சும்மா இருக்காது. அவ்வளவுதான்." சட்டைப்பையிலிருந்து தன்னுடைய பேனையை எடுத்துக்கொண்டு என் முன்னால் கதிரையில் இருந்தார். ஒவ்வொரு வரியாக உதடு அசைத்து வாசித்தார். மண்டபத்தின் பெயரை இரண்டு தரம் வாசித்தார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பிழை பிடிக்க வந்தன். ஒண்டும் இல்லை. இருக்காதுதானே, ஒரு கிராஜுவேட் பாத்த புரூஃப்."

"நான் கிராஜுவேட் இல்லை," என்றேன்.

சிரித்தார். அடக்கம் என்று நினைத்துவிட்டார். "உந்தத் தன்னடக்கம் இப்பத்தைப் பிள்ளையளிட்டை இல்லை, பாருங்கோ."

"அடக்கம் இல்லை. நான் படிச்சனான், முடிக்கேல்லை. கடைசிப் பேப்பர் எழுதேல்லை. இந்த ரெண்டு எழுத்தையும் வெட்டத்தான் பேனை திறந்தனான். அதுக்குள்ளை நீங்கள் வந்திட்டியள்."

அவருடைய பேனை மூடி கொஞ்ச நேரம் விரல்களுக்கிடையில் சுழன்றது. "அப்ப தம்பி எங்களுக்குச் சொன்னது?"

"அவன் சொன்னது சரியில்லை."

"பிழையோ, பொய்யோ?"

அதிபர் கேள்வி. வகுப்பில் எழுப்பி நிற்க வைத்துக் கேட்கிற மாதிரி. எனக்குக் கோபம் வரவில்லை. நல்ல கேள்வி. "அதை நீங்கள் அவனிட்டைத்தான் கேக்கவேணும்," என்றேன். அவர் எழும்பினார். "காட்டைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ," என்றார். தர்சினி கொண்டுவந்த தேத்தண்ணீரைக் குடிக்காமல் போனார். அவ்வளவுதான் நடந்தது. நான் அவரைக் கூப்பிடவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்கக் காத்திருக்கவுமில்லை. என் மேசையில் இருந்து என்னைப் பற்றிய ஒரு பொய்யை ஒருவர் சத்தமாக வாசித்தார். நான் பிழை திருத்துகிறவள்.

பிறகு நீ டெலிபோன் எடுத்தாய். "என்னை நாறடிச்சுப் போட்டியள் அம்மா." அதைப் பொறுத்துக்கொண்டேன். "ஆர் உதுகளை எண்ணிப் பாக்கப்போயினம்?" அதையும் பொறுத்தேன். "நாலு வருசம் படிச்சனீங்கள்தானே. ஒரேயொரு பேப்பர். அது கிராஜுவேட் மாதிரித்தானே." அந்த இடத்தில்தான் டெலிபோனை வைத்தேன். மாதிரி. அந்தச் சொல்லோடு இரவு முழுவதும் என்னால் ஒரு வீட்டில் இருக்க முடியவில்லை.

கிராஜுவேட் என்ற சொல்லைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமை இருக்கிறது. இத்தனை காலமாக அது என் மேசையைத் தாண்டித்தான் போகிறது. அச்சகத்தில் ஒரு பழைய ஆங்கில அகராதி உண்டு. முதுகு பிரிந்து, றப்பர் பாண்ட் போட்டு வைத்திருக்கிறோம். இன்று காலை வந்தவுடன் எடுத்துப் பார்த்தேன். படிப்பை நிறைவு செய்தல் என்று முதலில் இருந்தது. செய்கிற ஒரு காரியம். அப்படி நிறைவு செய்த ஆள் என்பது அதற்குப் பிறகுதான். இன்னும் கீழே, நான் மறந்தே போயிருந்த ஒரு பொருள்: கண்ணாடிப் பாத்திரத்தில் அளவுக்கோடுகள் இடுதல். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உயரமான குழாய் இருக்குமே, பக்கத்தில் கோடும் இலக்கமும் போட்டு. அது. வேர் ஏதோ லத்தீனாம், காலடி என்று பொருளாம். ஒரு அடி எடுத்து வைப்பது. ஆங்கிலக்காரர் அந்தச் சொல்லைப் பாவிக்கும்போது எங்கிருந்து என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். இந்தக் கல்லூரியிலிருந்து, அந்தப் பள்ளியிலிருந்து. ஒரு இடத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, அங்கிருந்து வெளியே ஒரு அடி. எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு பகையும் இல்லை. நல்ல சொல். அடக்கமான சொல்.

நாங்கள் அதை என்ன செய்தோம் என்று பார். இங்கே யாரும் எங்கிருந்து என்று கேட்பதில்லை. "பெடியன் கிராஜுவேட்டோ?" என்று கேட்பார்கள், பெடியனுக்குக் கண் தெரியுமோ என்று கேட்கிற அதே குரலில். "பெட்டை கிராஜுவேட்டாம், ஆனா நிறம் காணாதாம்." கண்ணாடிக் குழாயின் கோடுகள் அவை. எந்த வீடு எந்தக் கோடு வரைக்கும் நிரம்பியிருக்கிறது என்று தள்ளி நின்று பார்க்கலாம். அதனால்தான் காட்டுக்கு எழுத்துப் போட வருகிறவர்கள் மாப்பிள்ளையின் பெயரைவிட அதற்குப் பின்னால் வருவதைக் கவனமாகச் சரிபார்க்கிறார்கள். மரண அறிவித்தலிலும் அப்படித்தான். மூச்சு நின்றாலும் எழுத்து நிற்காது. அதே எழுத்துகளை வைத்திருக்கிற பிள்ளைகள், வேலை தா என்று கொட்டில் போட்டு வீதியோரம் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பதாகையையும் நாங்கள்தான் அடித்தோம். வேலையற்ற பட்டதாரிகள். அந்த இரண்டு சொற்களையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துச் சரிபார்த்தது நான்தான். இப்போது முன்பள்ளிகளும் தொடங்கிவிட்டன. போன கிழமை ஒரு தாய் வந்தாள். "அக்கா, என்ரை மகன் வெள்ளிக்கிழமை கிராஜுவேட் ஆகிறார். சான்றிதழிலை பேரை வடிவா அடிச்சுத் தாங்கோ." மகன் இடுப்பில் இருந்தபடி என் அடிமட்டக் கோலைச் சப்பிக்கொண்டிருந்தான். "என்ன பாடம் அப்பு படிச்சனீர்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "நித்திரை," என்றான். இவ்வளவு காலத்தில் நான் கேட்ட நேர்மையான பதில் அது.

உனக்கு நான் சொல்ல வேண்டியது கௌசியைப் பற்றி. பெயர் கேட்டிருப்பாய். முழுதாக ஒருபோதும் கேட்டதில்லை. நீயும் கேட்கவில்லை, நானும் இருத்தி வைத்துச் சொல்லவில்லை. நாங்கள் ஒரே ஊர், ஒரே வகுப்பு, கம்பஸில் ஒரே பாடம், புவியியல். பரீட்சை இலக்கமும் அடுத்தடுத்தது. ஒவ்வொரு மண்டபத்திலும் அவளுடைய பின்னல் எனக்கு முன்னால் இருக்கும். குடாநாட்டின் கடற்கரையைப் புத்தகம் பார்க்காமல் கீறுவாள், ஒவ்வொரு மூக்கும் முனையும் சரியாக வரும். வாய் சும்மா இராது. நான் அப்போதே கலியாணம் முடித்து, உன்னையும் பெற்று, பின்னேரங்களில் இந்த அச்சகத்துக்கும் வந்துகொண்டிருந்தேன். "எடியே, நீ முடிச்சு என்னடி செய்யப்போறாய்?" என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். "பட்டமளிப்புக் கவுனைப் போட்டுக்கொண்டு கம்பஸிலை இருந்து வீடு மட்டும் சைக்கிள் ஓடுவன். உன்னையும் பின்னாலை ஏத்துவன். நாய் எல்லாம் கலைக்கும்." அதுதான் அவளுடைய திட்டம். அதற்குப் பிறகு என்ன என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பரீட்சை ஒரு மூச்சில் நடந்ததில்லை. சண்டை தொடங்கும், ஒத்திவைப்பார்கள். ஓயும், கூப்பிடுவார்கள். எழுதி எழுதி ஒரு பேப்பர் மிச்சம். அன்று காலை என் சைக்கிளின் பின் சில்லில் காற்று இல்லை. பொருளாதாரத் தடைக் காலம், டியூப் ஒட்டுகிற பசைகூட வராது. பழைய றப்பரைக் கீலமாக வெட்டி ஓட்டைக்கு மேல் இறுக்கிக் கட்டி ஓடுவோம். அப்பாவின் சைக்கிள் கடை வாசலில் அப்பா குந்தியிருந்து கட்டிக்கொண்டிருந்தார். கௌசி ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றாள். "அண்ணை, சொந்த மனுசியின்ரை டியூப்பையே ஒட்ட ஏலாத உங்களை நம்பி இந்த ஊர் எப்பிடி ஓடப்போகுது?" அப்பா நிமிராமல், "ஊர் நடந்து போகட்டும்," என்றார். நான்தான் சொன்னேன், "நீ போடி, நான் பின்னாலை வாறன்." போனாள்.

இதை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. அவள் போன வீதியில் ஷெல் விழுந்தது. அன்றைய பரீட்சை எல்லோருக்கும் நின்றுபோனது. நீ அந்த நேரம் வீட்டில் பாயில் நித்திரை. இதை நீ நினைவில் வைக்க வேண்டும், ஏனென்றால் உன் மாமிமார் உனக்கு வேறு கதை சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்தபடியால் அவள் படிப்பை விட்டவள், உனக்காகத்தான் விட்டவள். நான் ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொன்னேன். நீ மாமிமாரைத்தான் நம்பினாய். அது நல்ல கதை, அதில் நீ இருக்கிறாய். அந்தக் கதையால்தான் இப்போது என் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டு எனக்கு ஏதோ திருப்பித் தரப் பார்க்கிறாய் என்றும் சில நேரம் நினைக்கிறேன். வேண்டாம். நீ என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. உன்னை மடியில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாப் பேப்பருக்கும் படித்தேன். நீ என் குறிப்புகளைத் தின்றாய். அவ்வளவுதான் உன் பங்கு.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க கௌசியைப் பெற்ற ஐயா அச்சகத்துக்கு வந்தார். புகையிலைத் தோட்டம் செய்கிறவர். நகத்துக்குள் மண். படத்தைச் சேலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அப்போது ஈய எழுத்துக் காலம். கோர்க்கிற அண்ணை ஒருவர் எனக்குப் பக்கத்தில் நின்றபடி வேலை செய்வார். நான் விவரம் கேட்டு எழுதினேன். பிறந்த இடம், பெற்றோர், படித்த பள்ளிக்கூடம். எல்லாம் முடிந்த பிறகும் ஐயா போகவில்லை.

"பிள்ளை, படிச்ச ஆக்களின்ரை பேருக்குப் பின்னாலை எழுத்துப் போடுவினமெல்லே."

"ஓம் ஐயா."

"அதையும் போடு."

எழுத்துக் கோர்க்கிற அண்ணையின் கை நின்றது. என்னைப் பார்த்தார். ஐயா மேசைக்குக் கிட்ட வந்தார். "ஒண்டுதானே விட்டவள். அதையும் எழுதியிருப்பாளெல்லே?"

"எழுதியிருப்பாள் ஐயா. என்னைவிட வடிவா எழுதியிருப்பாள்."

போட்டேன். அது உண்மையல்ல என்று எனக்குத் தெரியும், பிழை பார்ப்பது என் வேலை, அந்தப் பக்கத்தைச் சரி என்று கையெழுத்து வைத்து மெஷினுக்கு அனுப்பினேன். கடதாசி கிடைக்காத காலம். பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் எல்லாம் அடித்தோம், நீலக் கோடுகளோடு. அவளுடைய பெயரும் அந்த இரண்டு எழுத்தும் ஒரு கோட்டின் மேல் சரியாகப் போய் இருந்தன, அவளே பேனையால் எழுதி வைத்ததுபோல. இன்றைக்கு ஒருவர் வந்து அதைக் கேட்டாலும் போடுவேன். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அந்தப் பேப்பரை மறுபடி வைத்தார்கள். போனேன். நீ நினைப்பதுபோல நான் வீட்டில் படுத்துக் கிடக்கவில்லை. பேனை, அடிமட்டம், அடையாள அட்டை, எல்லாம் கொண்டு போனேன். மண்டபத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். மேசைகளில் இலக்கம் ஒட்டியிருந்தது. என் இலக்கத்துக்கு முன்னால் அவளுடையது இல்லை. அதற்கும் முந்திய இலக்கக்காரன் என் மேசைக்கு நேர் முன்னால் இருந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான். மேசைகளை நெருக்கிப் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒரு குறையும் இல்லை; வராத ஆளுக்கு யாரும் மேசை போடுவதில்லை. பரீட்சை அப்படித்தான் நடக்கும், நடக்கவும் வேண்டும். ஆனால் நான் போய் அங்கே இருந்தால் அந்த வரிசை முழுதாகிவிடும். ஒருவரும் குறையாத வரிசை. என்னால் அதை முழுதாக்க முடியவில்லை. சைக்கிளைத் திருப்பினேன்.

முட்டாள்தனமா? இருக்கலாம். சம்பள நாட்களில் அப்படி நினைத்திருக்கிறேன். என்னோடு படித்தவள் ஒருத்தி கல்வி அதிகாரியாகி, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து "நீர் எங்கையோ கண்ட முகமாக் கிடக்குது" என்றபோது நன்றாகவே நினைத்தேன். கவலைப்பட்டிருக்கிறேன். வெட்கப்பட்டதில்லை. இரண்டையும் நீ ஒன்றாக்கிவிட்டாய். யார் கேட்டாலும் முடிக்கவில்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அந்தச் சொல்லை நான் சுமந்து திரியவில்லை, தம்பி. அதில் நிற்கிறேன். முடிக்காதது என்னுடைய முடிவு. இவ்வளவு காலமும் அதை வைத்திருக்கிறேன், ஒருவரும் அதைப் பறிக்கவில்லை. நீ மட்டும், என் சொந்தப் பிள்ளை, ஒரு காற்புள்ளியைப் போட்டுப் பறிக்கப் பார்த்தாய்.

கௌசிக்குப் போட்டீர்களே, உங்களுக்குப் போட்டால் என்ன என்று கேட்பாய். கேள். அவளால் வர முடியாது. என்னால் வர முடிந்தது, வாசல் வரைக்கும் வந்தேன், திரும்பினேன். அவளுக்கு அந்த எழுத்து, யாரோ எடுத்துக்கொண்ட ஒரு நாளுக்குப் பதில். எனக்கு அது நகை. இரவல் நகை. அவளுடைய கழுத்திலிருந்து கழற்றி உன் கலியாணத்துக்கு நான் போட்டுக்கொண்டு வர மாட்டேன்.

இன்னொன்று. அப்பாவின் பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லாதது உனக்கு உறுத்தவில்லை. கவனித்தாயா? ஒன்பதாம் வகுப்போடு சைக்கிள் கடைக்குப் போன மனிதரை நீ அப்படியே விட்டாய். என்னைத்தான் திருத்தினாய். ஏறாதவரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பாதி ஏறி நின்றவளைக் கண்டால்தான் எல்லோருக்கும் கை துருதுருக்கிறது, தள்ளி ஏற்றவோ இழுத்து இறக்கவோ. நேற்று இரவு அப்பாவிடம் சொன்னேன். கையிலிருந்த கிறீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "போட்டாப் போடட்டன். நீர் ஏன் உதுக்கு இவ்வளவு? வெறும் மை தானே." பிறகு, "எனக்கும் ஏதும் போடச் சொல்லுமன். பஞ்சர் ஸ்பெஷலிஸ்ட் எண்டு." சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகும் அவர் அந்தத் துணியைக் கீழே வைக்கவில்லை. "அண்டைக்கு அந்த டியூப்..." என்று தொடங்கினார். நிறுத்தினார். அந்த வசனத்தை அவர் எத்தனையோ தரம் தொடங்கியிருக்கிறார். ஒருபோதும் முடித்ததில்லை. முடிக்கச் சொல்லி நானும் கேட்டதில்லை. உன்னுடைய வீட்டில் இரண்டு பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். உனக்கு இது பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல். வேறு பெற்றாரை அச்சடிக்காதே.

இன்று காலை ஆரணி டெலிபோன் எடுத்தாள். அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறாள், குரல் தாழ்ந்திருந்தது. நான் முதலில் மன்னிப்புக் கேட்கப் போனேன், தேத்தண்ணீர் குடிக்காமல் போனவருக்காக. அவள் இடைமறித்தாள். "மாமி, நீங்கள் முடிச்சியளோ இல்லையோ, எனக்கு அது ஒண்டுமில்லை. அவர் எனக்கும் அப்பிடித்தான் சொன்னவர். அப்பாவுக்குச் சொன்னது விளங்குது. எனக்கும் ஏன் மாமி?"

உனக்குச் சாதகமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். பயத்தில் சொல்லியிருப்பான், உன்னில் உள்ள விருப்பத்தில் சொல்லியிருப்பான். தாய்மார் சொல்கிற வழக்கமான வசனங்கள், எனக்கும் தெரியும். சொல்லவில்லை. "பிள்ளை, அதை அவன் வந்து உம்மட்டைச் சொல்லட்டும்," என்றேன். "வராட்டில்?" என்றாள். "வராட்டில் நீர் வடிவா யோசியும்," என்றேன். இதையும் நான் வாய் தவறிச் சொல்லவில்லை.

ஆகவே லீவு போடு. இரவு பஸ் எடுத்து வா. வீட்டுக்கு வரத் தேவையில்லை, நேரே கரவெட்டிக்குப் போ. குளிக்க வேண்டுமென்றால் அப்பாவின் கடைக் கிணற்றில் குளி. ஆரணியின் அப்பாவுக்கு முன்னால் கதிரையில் இருந்து, உன் வாயால் சொல். என் அம்மா கிராஜுவேட் இல்லை, நான் தெரிந்துகொண்டுதான் சொன்னேன் என்று சொல். பிழையோ பொய்யோ என்று கேட்பார். சரியான சொல்லைச் சொல். மாதிரி என்ற சொல்லைப் பாவிக்காதே. அவர் பேசினால் பேச்சு வாங்கு; அதிபர்மார் பேசுவார்கள், முடியும் மட்டும் இரு. பிறகு ஆரணியிடம் தனியாகச் சொல். அது கடினமாக இருக்கும். அவள் கலியாணம் வேண்டாம் என்றால் அது அவளுடைய உரிமை. நான் உனக்காகப் போய்க் கெஞ்ச மாட்டேன். வேண்டும் என்றால், நான் மண்டபத்துக்கு வருவேன், அப்பாவுக்குப் பக்கத்தில், பின்னால் ஒன்றும் இல்லாத பெயரோடு, நல்ல சேலை உடுத்திக்கொண்டு. ஆட்கள் கேட்பார்கள். என்னிடம் அனுப்பு. நான் சொல்லிக்கொள்வேன். எனக்குப் பழக்கம்.

மின்சாரம் வந்துவிட்டது. மெஷின் சத்தம் தொடங்குகிறது. இந்தத் தாள்களைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன்.

சிவப்புப் பேனையால் காற்புள்ளியையும் அதற்குப் பின்னால் இருந்த இரண்டு எழுத்தையும் வெட்டினேன். ஓரத்தில் கையெழுத்து வைத்தேன். "தம்பி கரவெட்டியிலை இருந்து கோல் எடுத்தாப் பிறகு பிளேட் போட்டு அடி பிள்ளை. எடுக்காட்டில் இது இதிலையே கிடக்கட்டும்," என்று தர்சினியிடம் கொடுத்தேன். பிறகு வெள்ளிக்கிழமைக்குரிய முன்பள்ளிச் சான்றிதழ்களை எடுத்தேன். நித்திரை படித்த பிள்ளையின் பெயரில் ஒரு எழுத்துப் பிழையாக இருந்தது. திருத்தினேன்.